முந்திக்கொள்ளும் கொம்பு

தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். எழுத்து விழும் முன்பே அதன் உயிர் எதுவென்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்திலும் அப்படித்தான். 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகை இதைத் திருப்பிப் போட்டது: க, அப்புறம் ஒ. உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘அம்மா’வுக்கு ம-வை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழும். (இந்தச் சின்ன உபசாரத்துக்காகவே நான் அதை விடவில்லை.) இப்போது கைப்பேசியிடம் சொன்னாலே எழுத்து வந்துவிடுகிறது. வேகம்தான். ஆனால் காகிதத்தில் கொம்பைப் போட்டுவிட்டுப் பேனா ஒரு கணம் தயங்கி நிற்குமே, அந்த இடத்தில் நினைத்த சொல் நழுவி வேறொன்று வந்து உட்கார்ந்ததுண்டு. பல சமயம் அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.