ஏழு தூண்களுக்கு நடுவே

தமிழ்நாட்டில் தலைவர் சிலை என்றால் அதற்கொரு வாய்பாடு உண்டு: உயரமான பீடம், நீட்டிய கை, சுற்றிலும் கம்பி வேலி, பிறந்தநாள் மாலைக்கு ஓர் ஏணி. விதிவிலக்குகள் குறைவு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் மெரினாவில் திறக்கப்பட்ட காந்தி சிலை அவற்றில் ஒன்று. அங்கே வெண்கலம் நடக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி நினைவகம் வேறு வழியில் போயிற்று. 1991 மே 21 இரவு இந்த ஊருக்கு வந்த ராஜீவ், சாலையோரம் இருந்த தாயார் இந்திராவின் சிலைக்கு மாலை போட்டுவிட்டுத்தான் பொதுக்கூட்டத் திடலுக்குள் நடந்தார். சற்று நேரத்தில் குண்டு வெடித்தது. அந்த இடத்தில் மாலைக்கென்று இன்னொரு சிலையை எழுப்பத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் கட்டடக் கலைஞர் கே.டி.ரவீந்திரன், ராஜீவ் விழுந்த இடத்தைச் சுற்றி ஏழு கல்தூண்களை நிறுத்தினார். 2003 அக்டோபர் 10 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நினைவகத்தைத் திறந்து வைத்தார்.

கோயில் மண்டபங்களில் வளர்ந்த கண் நம்முடையது. தூணைக் கண்டால் பார்வை தானாக மேலேறி, போதிகையையும் விதானத்தையும் தேடும். இங்கே மேலே வானம்தான். தாங்குவதற்கு எதுவுமில்லாத தூண்கள். ஏறிய பார்வைக்கு இறங்குவதைத் தவிர வழியில்லை. இறங்கினால், தூண்களுக்கு நடுவே அந்தத் தரை. முகத்தையோ உடையையோ அச்சு அசலாக வடித்திருந்தால் ‘சாயல் இருக்கிறதா’ என்ற பேச்சோடு நின்றிருப்போம்.

ஒரே குறை. ஏழு தூண்களுக்கும் தர்மம், சத்தியம், நீதி, தியாகம் என்று ஆளுக்கொரு பொருள் ஒட்டியிருக்கிறார்கள். கல்லே பேசும்போது கோனார் உரை எதற்கு?

உருவமே கூடாது என்பதல்ல என் கட்சி. இதே ஊர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ராமாநுஜரின் ‘தான் உகந்த திருமேனி’ இருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்திலேயே வார்த்து, அவரே தழுவிக் கொடுத்தது என்பது மரபு. அந்த உருவத்துக்கு அவருடைய ஒப்புதல் உண்டு. பிற்காலத்தார் எழுப்பும் தலைவர் சிலைகளுக்கு அந்த வாய்ப்பில்லை.

ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள் ஒரு விடுமுறை நாளில் இங்கே இறங்குங்கள். மே 21 வேண்டாம். அன்று மலர்வளையங்களைத்தான் பார்க்க முடியும். கோயிலையும் நினைவகத்தையும் ஒரே நாளில் பாருங்கள், கோயிலை முதலில்.