பரேட்டோவின் வருமான விதி: ஒரு மதிப்பீடு

ஒரு கல்லூரி மாணவர்களின் உயரத்தை அளந்து பார்த்தால், பெரும்பாலோர் சராசரியை ஒட்டியே இருப்பர். சராசரியைப் போல் இரு மடங்கு உயரமுள்ள மாணவரை எங்கும் காண முடியாது. ஆனால், சராசரியைப் போல் நூறு மடங்கு வருமானம் பெறுவோர் பல நாடுகளில் உளர். எனவே உயரத்துக்குப் பொருந்தும் மணி வடிவப் பரவல் வருமானத்துக்குப் பொருந்தாது. அப்படியானால் பொருந்துவது எது?

இவ்வினாவுக்குப் புகழ் பெற்ற விடையைத் தந்தவர் இத்தாலியரான வில்ஃபிரெடோ பரேட்டோ (1848–1923). பொறியியலாளராக இருந்து, பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியரானவர். 1896–97இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில், பல நாடுகளின் வரிக் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். ஒவ்வொரு வருமான அளவுக்கும் மேலே எத்தனை பேர் உள்ளனர் என எண்ணி, இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைபடத்தில் குறித்தார். புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைந்தன! கோட்டின் சரிவைக் குறிக்கும் எண் பெரும்பாலும் 1.5ஐ ஒட்டியே இருந்தது. இதன் பொருள் என்ன? வருமான எல்லையை நான்கு மடங்காக உயர்த்தினால், அதற்கு மேலுள்ளோர் எட்டில் ஒரு பங்காகக் குறைவர். சமுதாயம் பிரமிடு போன்றதன்று, பம்பரத்தின் முனை போன்றது என்றார் பரேட்டோ.

மேல்தட்டு வருமானங்களை இவ்விதி இன்றும் நன்கு விவரிக்கிறது. இது பெரிய சாதனையே. ஆனால் பரேட்டோ இத்துடன் நிற்கவில்லை. இந்த எண் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறாததால், ஏற்றத்தாழ்வு மனித இயல்பிலேயே வேரூன்றியது என்ற முடிவை நோக்கிச் சென்றார். இங்கேதான் நாம் அவரோடு மாறுபட வேண்டியுள்ளது.

முதலாவதாக, அவருடைய அட்டவணையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பிரஷ்யாவுக்கு 1852இல் 1.89 என்றும், 1894இல் 1.60 என்றும் அவர் கணக்கிட்டார். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், விதி மக்கள் அனைவருக்கும் பொருந்துவதாகக் கொண்டு கணக்கிட்டால், உச்சியிலுள்ள நூற்றில் ஒருவர் பெறும் பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்கிறது. இதை மாறாத எண் என்பது எப்படி?

இரண்டாவதாக, அக்கால வரிக் கணக்கில் இடம் பெற்றோர் வசதி படைத்தவர்களே. ஏழைகளின் வருமானம் அதில் ஏறவில்லை. 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழிப்ரா வேறொரு பரவலை முன்வைத்தார். ஊதிய உயர்வு விழுக்காட்டில் அமைவதைக் கருதுக. 200 ரூபாய் பெறுபவருக்கும் 2,000 ரூபாய் பெறுபவருக்கும் 10 விழுக்காடு உயர்வு என்றால், ஒருவருக்கு 20, மற்றவருக்கு 200. இத்தகைய தற்செயல் ஏற்ற இறக்கங்கள் பல பெருகும்போது, வருமானத்தின் மடக்கைதான் மணி வடிவம் பெறும். நடுத்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இதுவே நன்கு பொருந்துகிறது.

மூன்றாவது குறை மிக முக்கியமானது. 1953இல் ஆங்கில அறிஞர் சாம்பர்நவுன், விழுக்காட்டில் நிகழும் தற்செயல் ஏற்ற இறக்கங்களோடு, வருமானம் குறைய முடியாத ஓர் அடி எல்லையையும் சேர்த்துக் கணக்கிட்டார். பரேட்டோவின் நேர்கோடே கிடைத்தது. இக்கணக்கில் திறமைக்கோ பிறப்புக்கோ இடமே இல்லை! ஒரே வடிவம் பல காரணங்களால் விளையலாம். ஆகவே வடிவத்தைக் கண்டதும் காரணத்தைக் கண்டுவிட்டதாகக் கூறுவது தவறு.

வரலாறும் இதையே காட்டுகிறது. பிக்கெட்டி, சேஸ் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் உச்சியிலுள்ள பத்தில் ஒரு பங்கினர் பெற்ற வருமானம், உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மொத்தத்தில் 40 முதல் 45 விழுக்காடாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 30க்குச் சற்று மேலாக வீழ்ந்து, 1970கள் வரை அவ்வாறே நின்று, பின்னர் மீண்டும் ஏறியது. மனித இயல்பு முப்பது ஆண்டுகளில் மாறுவதில்லை. வரி, ஊதியக் கொள்கை, தொழிற்சங்கம் போன்றவை மாறும்.

பரேட்டோவின் கோடு சிறந்த அளவுகோல். அளவுகோல் துணியின் நீளத்தைச் சொல்லும். துணியை யாருக்கு எவ்வளவு வெட்டித் தரவேண்டும் என்பதை அது சொல்லாது.