சொந்த மின்னஞ்சல் சர்வரும் வாடகைச் சேவையும்

மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் அல்ல. 1982இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்எம்டிபி நெறிமுறைப்படி இயங்கும் எந்தக் கணினியும் இன்னொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பலாம். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற கட்டற்ற மென்பொருள்களை நிறுவி, தனிநபரும் சொந்த சர்வர் நடத்த முடியும். ஆனால் முடிவது வேறு, தகுவது வேறு.

சொந்த சர்வரின் முதல் நன்மை தரவின் மீதான கட்டுப்பாடு. ஜிமெயில் பல ஆண்டுகள் விளம்பரத்துக்காக அஞ்சல்களின் உள்ளடக்கத்தை நிரல் கொண்டு அலசியது. அதை நிறுத்துவதாக 2017இல்தான் அறிவித்தது. சொந்த சர்வரில் இத்தகைய தலையீடு இல்லை; தானியங்கி முடிவொன்றால் கணக்கு முடங்கும் அச்சமும் இல்லை. எனினும் இந்தத் தனியுரிமை பாதிதான். ஜிமெயில் பயனருக்கு அனுப்பிய கடிதத்தின் படி கூகுளின் சர்வரிலேயே தங்குகிறது.

பெரிய இடர் அனுப்புவதில் இருக்கிறது. அஞ்சலைப் பெறுவது எளிது. அனுப்பிய அஞ்சலை ஏற்பதோ பெறுபவரின் சர்வர் எடுக்கும் முடிவு. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில், சர்வர்கள் அஞ்சல் பரிமாறும் 25ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கும். வாடகைக்கு எடுத்த ஐபி முகவரியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் புதியவரைச் சேரும். அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்றையும் பிழையின்றி அமைத்தாலும் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். காரணம் கேட்டறிவது எளிதல்ல. சிறிய சர்வர்களை நசுக்குவது பெரிய சேவைகளோடுள்ள இந்த ஏற்றத்தாழ்வுதான்.

சர்வர் சில மணி நேரம் நின்றால் அஞ்சல் தொலைந்துவிடும் என்ற அச்சம் மிகையானது. அனுப்பும் சர்வர்கள் வழக்கமாகச் சில நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும். காப்புப்படி இல்லாமல் வட்டு பழுதாவதே உண்மையான இழப்பு.

பாதுகாப்பில் இரு தரப்புக்கும் குறையுண்டு. 2021 மார்ச்சில் வெளிப்பட்ட குறைபாடுகளால், நிறுவனங்கள் தாமே நடத்திய மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் பல்லாயிரம் ஊடுருவப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் தப்பியது. 2023இலோ அந்த ஆன்லைன் சேவையே தாக்கப்பட்டது. களவாடிய ஒரே டிஜிட்டல் கையொப்பச் சாவியைக் கொண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை உள்ளிட்ட பல அமைப்புகளின் அஞ்சல்களைத் தாக்கியவர்கள் படித்தார்கள். தனி சர்வர் கவனக்குறைவால் வீழ்கிறது. பெரிய சேவை வீழ்ந்தால் பலரும் ஒருங்கே வீழ்கிறார்கள்.

ஆகவே முழுநேர நிர்வாகிகள் உள்ள பல்கலைக்கழகம், அரசுத் துறை போன்றவற்றுக்கே சொந்த சர்வர் பொருந்தும். மற்றவர்கள் சொந்தமாக வைத்திருக்க வேண்டியது முகவரியை. டொமைன் பெயர் தம்மிடம் இருந்தால், அஞ்சல் எந்த சர்வருக்குச் சேர வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவை மாற்றி வேறு சேவைக்குப் போய்விடலாம், முகவரி மாறாது. பழைய அஞ்சல்களை ஐமேப் நெறிமுறை வழியே தம் வட்டில் அவ்வப்போது படியெடுத்து வைத்தால், சேவை நிறுவனம் கைவிட்டாலும் கடிதங்கள் கைவிட்டுப் போகா.