‘விசை’ என்று எழுதினால் போதுமா? பார்க்கின்சன் நோய்க் குறிப்புகள் பற்றி ஒரு பார்வை

மாணவர் கட்டுரைகளிலும் நாம் தயாரிக்கும் குறிப்புகளிலும் இப்படி ஒரு வாக்கியம் அடிக்கடி வருகிறது: “மரபணு விசை அணைந்துவிடுவதால் பார்க்கின்சன் நோய் ஏற்படுகிறது.” படிக்க எளிதுதான். ஆனால் அந்த ‘அணைந்து’ என்ற சொல் விஷயத்தையே தலைகீழாக்கிவிடுகிறது.

ஆல்பா சைனுக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவின் பெயர் எஸ்.என்.சி.ஏ. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. அக்குடும்பத்து நோயாளிகளிடம் அந்த மரபணு பழுதாகவே இல்லை. 2 பிரதி இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது, அவ்வளவுதான். நல்ல புரதமே அளவு மிஞ்சினால் நோய் வரும் என்று அது காட்டியது. பிறகு 2010இல், இறந்த நோயாளிகளின் மூளையில் அதே மரபணுவின் முதல் இன்ட்ரான் பகுதியில் மெத்தில் குறிகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மெத்தில் குறைந்தால் இந்த மரபணு கூடுதலாக வேலை செய்யும். அப்புறம் எங்கே அணைந்தது? வானொலியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இதற்குப் பொருத்தமான உவமை. இரத்த மாதிரிகளில் பின்னர் செய்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்.

கலைச்சொல்லிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘புறமரபியல்’ என்றதும் மாணவர் ‘உடம்புக்கு வெளியே’ என்று நினைத்துக்கொள்கிறார். மெத்தில் குறி ஒட்டுவது செல்லின் உட்கருவில், டி.என்.ஏ.வின் மேலேயே. ‘எபி’ என்ற கிரேக்க முன்னொட்டுக்கும் ‘மேல்’ என்ற பொருள் உண்டு. ‘மேல்மரபியல்’ குழப்பம் தராது.

வெளியிலிருந்து வரும் காரணம் இல்லையா என்றால், இருக்கலாம். நம்மவர்களுக்கு அது தூரத்துச் செய்தியும் அல்ல. பண்டமாரான், கிள்ளான் வட்டாரப் பிள்ளைகளில் சிலருக்குப் பாட்டி தோட்டத்தில் மருந்தடித்தவராக இருப்பார். முதுகில் பம்பு, உள்ளே பாராகுவாட். அந்தக் களைக்கொல்லிக்கு மலேசியா 2002இல் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தது. அமெரிக்காவில் பூச்சிமருந்து அடிப்போரிடையே நடந்து 2011இல் வெளியான ஆய்வு, நோயாளிகள் 110 பேரையும் நோயற்றவர்கள் 358 பேரையும் ஒப்பிட்டது. பாராகுவாட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு வாய்ப்பு விகிதம் 2.5. அதே ஆண்டு வேறொரு ஆய்வுக் குழு, வளர்ப்புச் செல்களில் பாராகுவாட் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் அசிட்டைல் குறிகளைக் கூட்டுவதாகக் காட்டியது. அசிட்டைல் கூடினால் டி.என்.ஏ.வின் சுற்று தளர்ந்து, மரபணுக்களைப் படிப்பது எளிதாகும்.

இங்கேதான் ஆர்வமுள்ள மாணவர் வழுக்குகிறார். “மருந்தடித்ததால் பாட்டியின் மரபணுக் குறிகள் மாறி நோய் வந்தது” என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார். முதல் ஆய்வு மனிதர்களைப் பற்றியது, அதில் குறிகளை யாரும் அளக்கவில்லை. இரண்டாவதில் குறிகளை அளந்தார்கள், ஆனால் அதில் மனிதர் இல்லை. கண்ணாடித் தட்டில் செல்கள்தான். நடுவில் ஒரு பாலம் இன்னும் கட்டப்படவில்லை. அதற்காகப் பாட்டி கதையை அடித்துவிடச் சொல்லாதீர்கள், ஐயா. “தொடர்பு தெரிகிறது, வழிமுறை செல்களில் மட்டும் காட்டப்பட்டிருக்கிறது” என்று இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.