ஒட்டு வலிமை என்னும் ஒற்றை எண்

உலோகத்தை உருக்காமலே வேறோர் உலோகத்தின் மேல் பூச முடியுமா? முடியும். இம்முறைக்குக் ‘குளிர்த் தெளிப்பு’ என்று பெயர். 1980களின் நடுவில், சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க் நகரில் பாப்பிரின் குழுவினர் ஒலியை மிஞ்சும் வேகமுள்ள காற்றோட்டத்தில் உலோகத்தூளைக் கலந்து ஆராய்ந்தனர். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் துகள்கள் எதிரிலிருந்த பரப்பை அரிக்காமல் அதன்மேல் ஒட்டிக்கொண்டன. இன்று தேய்ந்த எந்திர உறுப்புகளைச் சீர்செய்ய இம்முறை பயன்படுகிறது. நம் நாட்டில் ஐதராபாத்தில் இதைப் பற்றிய ஆய்வு நடந்து வருகிறது.

இதை அறிமுகப்படுத்தும் கட்டுரைகளில் இரண்டு கூற்றுகள் தலைகாட்டுகின்றன. ஒன்று, ‘வெப்பம் இல்லாததால் பூச்சில் தகைவு இராது’ என்பது. மற்றொன்று, ‘ஒட்டு வலிமை 70 மெகாபாஸ்கல், ஆகவே பூச்சு உரியாது’ என்பது. இரண்டையும் சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

முதலில் ‘குளிர்’ என்னும் சொல். செம்புத் துகள் ஒட்ட வேண்டுமானால் அது நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் மோத வேண்டும். அந்த வேகத்தில் ஒரு கிலோகிராம் செம்பின் இயக்க ஆற்றல் 125 கிலோஜூல். ஒரு கிலோகிராம் செம்பை ஒரு டிகிரி சூடாக்க 385 ஜூல் போதும். எனவே இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமானால் வெப்பநிலை சராசரியாக 325 டிகிரி உயரும். செம்பு உருகுவதோ 1085 டிகிரியில். ஆகவே உருகவில்லை என்பது சரி; வெப்பமே இல்லை என்பது சரியல்ல. மேலும், தெளிக்கும் வாயுவையே பல நூறு டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள்.

எஃகின் மேல் அலுமினியம் பூசியிருப்பதாகக் கொள்வோம். ஒரு டிகிரி குளிர்ந்தால் அலுமினியம் 10 லட்சத்தில் 23 பங்கும், எஃகு சுமார் 12 பங்கும் சுருங்கும். எஃகுடன் ஒட்டியிருப்பதால் அலுமினியம் முழுவதும் சுருங்க முடியாது. 100 டிகிரி குளிர்ந்தால் திரிபு 0.0011. இதை அலுமினியத்தின் யங் குணகமான 70 கிகாபாஸ்கலால் பெருக்குங்கள். தகைவு 77 மெகாபாஸ்கல்! பின்னால் வரும் துகள்கள் சம்மட்டிபோல் அடித்து, இந்த இழுப்புக்கு எதிரான அமுக்கத்தைத் தருகின்றன. இரண்டும் கூடிக் கழிந்து நிற்பதே எச்சத் தகைவு. பல பூச்சுகளில் அமுக்கமே மிஞ்சுகிறது. வெடிப்பைத் தடுப்பதால் அது நன்மைதான். ஆனால் அதுவும் தகைவே.

‘வெளிவிசையை நீக்கினால் தகைவும் நீங்கும்’ என்று படித்த மாணவருக்கு இது புதிராகத் தோன்றலாம். நாங்குநேரி வட்டாரத்துக் குளங்கள் கோடையில் வற்றுவதைப் பாருங்கள். சேற்றை யாரும் இழுப்பதில்லை. மேற்படலம் காய்ந்து சுருங்க முயல்கிறது. அடியிலுள்ள ஈரமண் அதை விடுவதில்லை. படலம் வெடித்து, விளிம்புகள் மேல்நோக்கிச் சுருள்கின்றன.

இனி இரண்டாம் கூற்று. ஒட்டு வலிமையை எப்படி அளக்கிறார்கள்? பூசப்பட்ட உருளையின் முகத்தில் மற்றோர் உருளையை எபாக்சிப் பசையால் ஒட்டி, இரண்டையும் எதிரெதிரே இழுக்கிறார்கள். 70, 80 மெகாபாஸ்கல் அளவில் பசையே விட்டுவிடும். அப்போது கிடைப்பது பசையின் வலிமை. பூச்சு அதற்கு மேலும் தாங்கும் என்பது மட்டுமே தெரியும். இன்னொன்றும் உண்டு. சோதனை பரப்புக்குச் செங்குத்தாக இழுக்கிறது. எச்சத் தகைவோ பரப்பின் போக்கில் இயங்கி, பூச்சை விளிம்பிலிருந்து உரிக்கிறது.

உரிப்பதற்குக் கிடைக்கும் ஆற்றல், தகைவின் இருமடிக்கும் பூச்சின் தடிமனுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். தகைவு இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு; தடிமன் ஆறு மடங்கானால் ஆற்றலும் ஆறு மடங்கு. அரை மில்லிமீட்டரில் நிலைத்து நின்ற பூச்சு 3 மில்லிமீட்டரில் தானே உரிந்து விழக்கூடும். தேய்ந்த தண்டின் மேல் தடிமனாகப் பூச நினைக்கும் பட்டறைக்காரருக்கு, 70 என்ற எண் இந்த ஆபத்தைச் சொல்லாது.

எச்சத் தகைவை அளப்பது புதிய கலை அல்ல. மெல்லிய எஃகுத் தகட்டில் மின்முலாம் பூசி, தகடு வளையும் அளவிலிருந்தே தகைவைக் கணக்கிடலாம் என்று 1909இல் ஸ்டோனி காட்டினார். ஆகவே பூச்சுகளைப் பற்றி எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சோதனையில் விட்டது பூச்சா, பசையா? பூச்சின் தடிமன் எவ்வளவு? எச்சத் தகைவு இழுப்பா, அமுக்கமா. அதன் அளவு என்ன? இவற்றுக்கு விடை தராத கட்டுரை பாதிச் செய்தியைத்தான் தந்திருக்கிறது.