ஐந்து படக் கணக்கு

திரைப்பட விழா என்பது இளைஞர்களுக்கானது, ஐம்பதைத் தாண்டியவர்கள் ஓடிடியில் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பேச்சு டிசம்பர் பிறந்தால் கிளம்பிவிடுகிறது. நாளுக்கு ஐந்து படம் பார்ப்பவனே ரசிகன் என்ற பழைய கணக்குதான் இப்படி வேஷம் மாற்றி வருகிறது.

அந்தக் கணக்கு பஞ்சகாலத்தது. 1952இல் முதல் சர்வதேச விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தபோது, டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைத் தவறவிட்டவர் மறுபடி எங்கே போய்ப் பார்ப்பார்? பிறகு 1959இல் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு, தூதரகப் பிரதிகள், வீடியோ காசெட், திருட்டு டிவிடி. இந்திய விழா 2004இல் கோவாவுக்குக் குடிபோய்ச் சிவப்புக் கம்பளத்தில் சொகுசானது. தெரிந்த கதைதான்.

நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு விழா என்றால் 1996இல் தொடங்கிய கேரள விழா. அனந்தபுரி எக்ஸ்பிரஸில் திருவனந்தபுரம் வந்திறங்கி, தம்பானூர் லாட்ஜில் அவசரமாகக் குளித்துவிட்டு, கைரளி தியேட்டர் வாசலில் கட்டஞ்சாயாவோடு வரிசையில் நிற்பது ஒரு காலம். இடம் கிடைக்காவிட்டால் படிக்கட்டு. ஆனால் நாலாவது காட்சிக்குள் முதல் காட்சியின் நாயகி நடந்து வந்துவிடுவாள். ஊர் திரும்பியதும் எழுதும் கட்டுரையில் ஈரான் படத்து மழை துருக்கிப் படத்தில் பெய்யும். 2013இல் கொரிய இயக்குநர் கிம் கி டுக் வந்தபோது உச்ச நட்சத்திரத்துக்குக் கூடுவதுபோல் கூடினார்கள். அவர் படங்கள் தரும் அதிர்ச்சிக்கு இளவயதில் ஒரு ருசி உண்டு. மறுமுறை பார்க்கும்போது அதுதான் முதலில் சப்பென்று ஆகிறது.

ஜப்பானிய இயக்குநர் ஓசு எதிர்த்திசைக்காரர். ஐம்பதை எட்டும் தறுவாயில் அவர் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யில், பிள்ளைகள் தொல்லை விட்டதென்று அதாமிக்கு அனுப்பிவைத்த கிழவரும் கிழவியும் காலையில் கடற்சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழும்போது அவள் லேசாகத் தள்ளாடிக் குந்துகிறாள். ஒன்றுமில்லை என்று சமாளித்து நடக்கிறாள். இருபத்தைந்து வயது விமர்சகன் இந்த இடத்தில் கேமராவின் உயரத்தை அளந்துகொண்டிருப்பான். பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தவருக்குப் படமே அங்கேதான் திரும்புகிறது. பெரிய திரையில் பக்கத்து இருக்கைக்காரரும் அதே கணத்தில் மூச்சை இழுப்பது காதில் விழும். போன் திரையில் அது ஒரு நக அசைவு.

(வயதானவர்கள் அரங்கில் தூங்கிவிடுகிறார்கள் என்ற கேலிக்கு ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமி பதில் சொல்லிவிட்டார்: தன்னைத் தூங்கவைத்த சில படங்களே பிறகு தன்னை இரவில் விழிக்கவைத்தன என்று.)

ஆக, ஒரே படத்தைப் பத்தாண்டு கழித்து மறுபடி பார்ப்பவருக்கும் விழா வேண்டும். பல விழாக்களில் ரெட்ராஸ்பெக்டிவுக்குக் கிடைப்பது காலை ஒன்பது மணியும் சிறிய அரங்கமும். கான் விழாவில் பரிசு வாங்கிய படம் சில மாதங்களில் எப்படியும் வீட்டுக்கே வந்துவிடும். புதுப்பித்த பழைய பிரதி இன்னொரு முறை அந்த ஊர்த் திரைக்கு வருமா? அரங்குகளை மாற்றிக் கொடுங்கள். இரு காட்சிகளுக்கு நடுவே அரைமணியாவது விடுங்கள், முழங்கால் வலிக்காரர்களும் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். ஆன்லைன் ரிசர்வேஷன் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகிறது. கவுண்டரிலும் சில இருக்கைகளை ஒதுக்கிவையுங்கள்.