பேட்ஸ் மோட்டல்: முடிவு தெரிந்த கதைக்கு ஒரு முன்கதை

பேட்ஸ் மோட்டல் 2013 முதல் 2017 வரை அமெரிக்காவின் ஏ அண்ட் ஈ அலைவரிசையில் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர். ஐந்து சீசன்கள், சீசனுக்குப் பத்து வீதம் மொத்தம் 50 அத்தியாயங்கள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய சைக்கோ (1960) திரைப்படத்துக்கு முன்கதையாக இதனைக் கார்ல்டன் கியூஸ், கெர்ரி எரின், ஆந்தனி சிப்ரியானோ ஆகியோர் உருவாக்கினர். ஆனால் கதை 1950களில் நடக்கவில்லை. கைபேசியும் இணையமும் உள்ள இன்றைய அமெரிக்காவில் நடக்கிறது. புகழ்பெற்ற பழைய திகில் கதையொன்றை நிகழ்காலத்துக்குக் கொண்டுவருவதால் என்ன கிடைக்கிறது, என்ன இழக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. படம், தொடர் இரண்டின் முடிவுகளும் இங்கே சொல்லப்படுகின்றன. பார்க்க எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

மூலக்கதை

சைக்கோ முதலில் ஒரு நாவல். ராபர்ட் பிளாக் எழுதி 1959இல் வெளிவந்தது. நாவலில் வரும் நார்மன் பேட்ஸ் நாற்பது வயதுள்ள, பருத்த உடலும் மூக்குக் கண்ணாடியும் கொண்ட, குடிப்பழக்கம் உள்ள மனிதன். ஹிட்ச்காக் அவனை ஒல்லியான, கூச்சம் மிகுந்த இளைஞனாக மாற்றி, ஆந்தனி பெர்கின்ஸை நடிக்க வைத்தார். பார்ப்பவர் முதலில் இரக்கப்பட்டு, பிறகு அஞ்ச வேண்டும் என்பதே இம்மாற்றத்தின் பயன். பின்னர் வந்த தொடரும் இந்த இளைஞனைத்தான் எடுத்துக்கொண்டது.

படத்தின் கதை பலரும் அறிந்ததே. அலுவலகப் பணம் 40,000 டாலருடன் தப்பிச் செல்லும் மேரியன் கிரேன், மழை இரவில் ஆளரவமற்ற ஒரு மோட்டலில் தங்குகிறாள். குளியலறையில் கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறாள். கொன்றது மோட்டல் உரிமையாளன் நார்மனின் தாய் என்று நம்புகிறோம். தாய் இறந்து பத்தாண்டுகள் ஆகின்றன என்பதும், அவளைக் கொன்றவனே நார்மன் என்பதும், தாயின் உடையணிந்து தாயாகவே மாறிக் கொலை செய்வதும் அவனே என்பதும் இறுதியில் தெரிகின்றன.

இப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு. செலவைக் குறைப்பதற்காக ஹிட்ச்காக், தாம் வழங்கிவந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொழில்நுட்பக் குழுவைக் கொண்டே கறுப்பு வெள்ளையில் இதனைப் படமாக்கினார். படத்தின் தாக்கம் உலகெங்கும் பரவியது. தமிழில் பாலு மகேந்திராவின் மூடுபனி (1980) அதற்கு எடுத்துக்காட்டு.

பேட்ஸ் மோட்டலுக்கு முன்னும் இருவகை முயற்சிகள் நடந்தன. 1990இல் வெளிவந்த சைக்கோ நான்காம் பாகம் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட படம். நார்மனின் இளமையைப் பழைய காலத்திலேயே வைத்துச் சொன்னது. 1998இல் கஸ் வான் சான்ட் மூலப்படத்தை ஏறத்தாழக் காட்சிக்குக் காட்சி வண்ணத்தில் மீண்டும் எடுத்தார். அதில் திருடப்பட்ட பணம் 4,00,000 டாலர் ஆனது. விலைவாசி மாறியதே தவிர, கதை கேட்கும் கேள்வி மாறவில்லை. காலத்தை மாற்றுவது வேறு, தொகையை மாற்றுவது வேறு என்பதற்கு அந்தப் படம் நல்ல பாடம்.

முன்கதையின் சிக்கல்

முன்கதை எழுதுபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. முடிவு எல்லோருக்கும் தெரியும். ஹிட்ச்காக் தம் படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்கினுள் விடக்கூடாது என்று நிபந்தனை போட்டார். முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். தொடருக்கோ மறைப்பதற்கு எதுவுமில்லை. தாய் சாவாள், மகன் கொலைகாரன் ஆவான் என்பது முதல் அத்தியாயத்திலேயே பார்வையாளருக்குத் தெரியும்.

ஆனால் இது குறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அபிமன்யு சாவான் என்று தெரிந்தேதான் நம் ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள். சக்கர வியூகத்துக்குள் அவன் நுழையும்போது 'போகாதே' என்று மனம் அடித்துக்கொள்வது முடிவு தெரிந்ததனால்தான். பேட்ஸ் மோட்டல் தன் சிறந்த இடங்களில் இவ்வகை உணர்வையே எழுப்புகிறது. நார்மாவும் நார்மனும் சமையலறையில் சிரித்துப் பேசும் காட்சிகள்தான் அதில் மிகவும் கலக்கம் தருபவை. 'அடுத்து என்ன?' என்ற கேள்வி போய், 'எந்த இடத்தில் இதைத் தடுத்திருக்கலாம்?' என்ற கேள்வி வருகிறது. தொடரின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

நிகழ்காலம் எதற்காக?

தொடரின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலத்தில் நார்மனின் தந்தை இறந்துபோகிறார். விபத்து என்று ஊர் நம்புகிறது. காப்பீட்டுப் பணத்தில் நார்மா, ஆரகன் மாநிலத்தின் ஒயிட் பைன் பே என்னும் கற்பனையான கடற்கரை ஊரில் ஒரு பழைய மோட்டலை வாங்கி, பதினேழு வயது மகனுடன் குடியேறுகிறாள். தந்தையின் சாவு விபத்தன்று. தாயை அவர் அடித்தபோது, தன்னிலை மறந்த நார்மன் அவரைத் தாக்கிக் கொன்றுவிட்டான். அது அவனுக்கே நினைவில்லை. நினைவிருக்கும் நார்மா அதை மறைத்துவிடுகிறாள்.

குன்றின் மேலுள்ள வீடு, கீழே வரிசையறைகள், பழைய கார், பழைய பாணி உடைகள், தாயும் மகனும் சேர்ந்து பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆகியவை 1960ஐ நினைவூட்டுகின்றன. அந்த வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் கைபேசி ஒலிக்கிறது. இது வெறும் அலங்காரம் என்று முதலில் தோன்றும். தாயும் மகனும் தமக்கென ஒரு காலத்தைச் சமைத்துக்கொண்டு அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள் என்பது போகப்போகப் புரியும்.

என் பார்வையில், காலமாற்றத்தின் உண்மையான பயன் கைபேசியில் இல்லை. நான்காம் சீசனில் வரும் மனநல மருத்துவமனையில் இருக்கிறது. ஹிட்ச்காக்கின் படத்தில் மனநல மருத்துவர் கடைசிக் காட்சிகளில்தான் வருகிறார். எல்லாக் கொலைகளும் முடிந்த பிறகு, நார்மனுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு விரிவுரை நிகழ்த்திவிட்டுப் போகிறார். அவர் விளக்கம் சொல்ல வந்தவர், காப்பாற்ற வந்தவர் அல்லர். தொடரிலோ மருத்துவர் முன்னதாகவே வருகிறார். மகனுக்கு நோய் இருக்கிறது என்பதை நார்மா மெல்ல மெல்ல ஒப்புக்கொள்கிறாள். நல்ல மருத்துவமனையில் சேர்க்கப் பணமில்லை. எனவே உள்ளூர் ஷெரிஃப் அலெக்ஸ் ரொமேரோவிடம், அவருடைய மருத்துவக் காப்பீட்டுக்காகத் தன்னைத் திருமணம் செய்துகொள்ளும்படி கேட்கிறாள். திகில் கதையொன்றின் திருப்புமுனை காப்பீட்டு அட்டையில் வந்து நிற்பது 1960இல் எண்ணிப் பார்க்க முடியாத ஒன்று. இன்றைய அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது பேயைவிடப் பெரிய அச்சம்.

மருத்துவம் பலன் தரத் தொடங்கும் நேரத்தில், பதினெட்டு வயது நிறைந்த நார்மன் தன் கையெழுத்திலேயே வெளியேறி வந்துவிடுகிறான். சட்டம் அதற்கு இடம் தருகிறது. வீடு திரும்பிய சில நாட்களில் தாயும் அவனும் உறங்கும் வீட்டில் நச்சுவாயுவைப் பரவவிடுகிறான். தாய் இறக்கிறாள், அவன் பிழைக்கிறான். கதவு திறந்திருந்தது, உள்ளே சென்றவன் திரும்பி வந்துவிட்டான் என்பதுதான் இங்கே துயரம்.

நீண்ட காலம் வகுப்பறையில் இருந்தவள் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை திடீரென்று உறைந்து உட்கார்ந்திருக்கும், செய்ததை மறந்துபோகும், தனியே பேசும். பெற்றோரை அழைத்துச் சொன்னால், 'எங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல டீச்சர், கொஞ்சம் பயந்த சுபாவம்' என்பார்கள். சொல்பவர்களின் கண்ணில் அச்சம் தெரியும். அன்பில்லாமல் அப்படிச் சொல்வதில்லை, அன்பினால்தான் சொல்கிறார்கள். நார்மாவை முதல் சீசனில் பார்த்தபோது எனக்கு அந்தத் தாய்மார்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

நார்மா என்னும் தாய்

ஹிட்ச்காக்கின் படத்தில் தாய்க்கு முகமில்லை. அவளுடைய குரலும் ஒருவருடையதன்று. ஓர் ஆண் உட்பட மூவரின் குரல்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. நாம் கேட்பதெல்லாம் நார்மனின் மனத்திலுள்ள தாயை மட்டுமே. உண்மையில் அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்க வழியில்லை. ஆனாலும் படம் முடிந்ததும் குற்றம் அவள்மீதே விழுகிறது. பிள்ளையின் மனநோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று மருத்துவ உலகிலேயே பலர் நம்பிய காலம் அது. பாசமற்ற தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்றுகூட அன்று சொல்லப்பட்டது. அது பிழை என்று பின்னர் கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் பழி சுமந்துவிட்டார்கள்.

பேட்ஸ் மோட்டலின் பெரிய சாதனை, முகமற்ற அந்தத் தாய்க்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்ததுதான். வேரா ஃபார்மிகாவின் நார்மா புத்திசாலி, பொய் சொல்பவள், சட்டென்று சினப்படுபவள், சட்டென்று சிரிப்பவள். இளவயதில் சொந்த அண்ணனாலேயே பாலியல் வன்முறைக்கு உள்ளானவள். மூத்த மகன் டிலன் அதனால் பிறந்தவன். மகனை அளவுமீறி இறுகப் பற்றுகிறாள், உண்மைதான். ஆனால் அவளைப் பற்றிக்கொள்ள யாரும் இருக்கவில்லை என்பதையும் தொடர் காட்டுகிறது. இதனால் அவள் குற்றமற்றவள் ஆகிவிடவில்லை. முதல் கொலையை அவள் மறைக்காமல் இருந்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும். அரக்கியாக இருந்தவளைத் தொடர் மனுஷியாக்கி, அவள் பொறுப்பையும் அவளிடமே விட்டுவைக்கிறது. ஃபார்மிகா 2013இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஃபிரெடி ஹைமோரின் நார்மனும் பெர்கின்ஸின் சாயலை நினைவூட்டுகிறானே தவிர, நகலெடுக்கவில்லை.

துணைப் பாத்திரங்களில் எம்மா குறிப்பிடத்தக்கவள். பிறவியிலேயே நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் கொண்ட மாணவி. ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டே நடக்கிறாள். அவள் நோய் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால் எல்லோரும் உதவுகிறார்கள். நார்மனின் நோய் கண்ணுக்குத் தெரியாததால் எல்லோரும் மறைக்கிறார்கள். எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே தொடர் இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுகிறது.

குறைகள்

குறைகளும் சிறியவை அல்ல. முதலிரு சீசன்களில் எழுத்தாளர்களுக்குத் தாய் மகன் கதைமீது முழு நம்பிக்கை இல்லை. எனவே கஞ்சாத் தோட்டங்கள், பெண் கடத்தல், ஊழல் காவலர்கள், போதைக் கும்பல்களின் சண்டை என்று ஊர் முழுக்கக் குற்றங்களை நிரப்பினார்கள். ஊரே இப்படி இருந்தால் நார்மன் செய்வதில் தனியாக என்ன அதிர்ச்சி? சைக்கோவின் அச்சம், ஓசையற்ற ஒரு வீட்டிலிருந்து வந்தது. சந்தடியில் அந்த அமைதி கெட்டுப்போனது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மனநோயை இரக்கத்துடன் பார்க்கும் தொடர்கூட, கடைசியில் மனநோயாளி என்றால் கொலைகாரன் என்ற சமன்பாட்டைத்தான் மீண்டும் சொல்கிறது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரின் வன்முறைக்கு அவர்களே அதிகம் ஆளாகிறார்கள். மூலக்கதையை எடுத்துக்கொண்டபோதே அதன் இந்தச் சுமையும் சேர்ந்து வந்துவிட்டது. இதனை மனத்தில் வைத்தே மாணவர்கள் இத்தொடரை அணுக வேண்டும்.

குளியலறையும் முடிவும்

ஐந்தாம் சீசனில் தொடர் படத்தின் கதைக்குள் நுழைகிறது. பாடகி ரியானா மேரியன் கிரேனாக வருகிறார். மூலப்படத்தில் ஜேனட் லீ நடித்த குளியலறைக் காட்சி திரையில் முக்கால் நிமிடம்தான். படமாக்க ஏழு நாட்கள் ஆயின. அந்த இடத்துக்காக எல்லோரும் காத்திருக்க, தொடர் மேரியனை உயிருடன் அனுப்பிவிடுகிறது. குளியலறையில் குத்துப்படுபவன், திருமணமானதை மறைத்து அவளை ஏமாற்றிய சாம் லூமிஸ். தாயின் உடை இல்லாமல், நார்மனாகவே நின்று நார்மன் கொல்கிறான்.

தனியாக இருக்கும் பெண்ணைக் கொல்வது அரை நூற்றாண்டாகத் திகில் படங்களின் வழக்கமாகிவிட்டதால், இம்மாற்றத்தை வரவேற்பவர்கள் உண்டு. எனக்கும் அது பிடித்திருந்தது, முழுமையாக அல்ல. மேரியனின் சாவு அவள் எதற்கும் காரணமில்லாமல் வந்தது. அச்சம் அங்கேதான் இருந்தது. ஏமாற்றுக்காரன் கொல்லப்படும்போது பார்ப்பவர் மனம் ஒரு நொடி 'வேண்டும் இவனுக்கு' என்கிறது. அங்கே திகில் குறைந்து தண்டனை புகுந்துவிடுகிறது.

படத்தின் முடிவில் நார்மன் காவல் அறையில் தாயாகவே உறைந்து அமர்ந்திருக்கிறான். தொடரின் முடிவில் தாயின் உடலை உணவு மேசையில் உட்காரவைத்து அண்ணன் டிலனைச் சாப்பிட அழைக்கிறான். மருத்துவ உதவி பெறலாம் என்று டிலன் மன்றாடுகிறான். நார்மன் கத்தியுடன் பாய, டிலன் சுட நேர்கிறது. தம்பி சாகும்போது அண்ணனுக்கு நன்றி சொல்கிறான். கடைசி நொடிவரை 'வா, மருத்துவரிடம் போகலாம்' என்ற குரல் ஒலித்துக்கொண்டிருப்பதுதான் முக்கியம். படத்தில் அந்தக் குரலே இல்லை.

மதிப்பீடு

திகில் அளவில் சைக்கோவுக்கு இத்தொடர் ஈடாகாது. அச்சத்துக்குக் காரணம் சொல்லச் சொல்ல அச்சம் தேயும். ஐம்பது அத்தியாயங்கள் காரணம் சொன்னால் எஞ்சுவது துயரமே. ஆனால் பழைய கதையைப் புதுப்பிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதில் தெளிவான விடை உண்டு. பொருள்களை மாற்றினால் கதை புதிதாவதில்லை. பழைய கதை கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டால்தான் புதிதாகிறது. 1960இன் படம் 'கொன்றது யார்?' என்று கேட்டது. 2013இன் தொடர் 'இவனை யார், எப்போது காப்பாற்றியிருக்கலாம்?' என்று கேட்கிறது. இரண்டையும் பார்க்க விரும்புவோர் படத்தை முதலில் பார்க்கட்டும். பிறகு தொடரின் நான்காம் சீசனுக்கு வரும்போது, அந்த மருத்துவமனை வாசலில் நார்மன் கையெழுத்திடும் காட்சியைக் கவனித்துப் பார்க்கட்டும். தொடர் முழுவதிலும் கத்தியில்லாத, இரத்தமில்லாத அந்தக் காட்சிதான் எனக்கு அதிக அச்சம் தந்தது.